நரம்பு நோவும் சென்னை ஆய்வும்

இரசாயன சிகிச்சை என்றதும் இன்று புற்றுநோயே நினைவுக்கு வரும். ஒருகாலத்திற் சயரோக மருத்துவத்துக்கும் அதுவே பெயர். 1956ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பெற்ற சயரோக இரசாயன சிகிச்சை நிலையம், வறிய நோயாளரையும் வீட்டிலிருத்தியே குணப்படுத்தலாமெனக் காட்டிப் புகழெய்தியது. அதன் மற்றொரு பணியை அறிந்தோர் சிலரே.

ஐசோனியசிட் மருந்தை மிகுந்த அளவில் உண்டவருட் சிலருக்குப் பாதங்கள் எரிந்தன, விறைத்தன. அக்காலத்தில் ஓராண்டு இடைவிடாது உண்ணவேண்டியிருந்த மருந்து அது. நோவுக்கஞ்சி நிறுத்தினாற் சயம் மீளும். மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடலினரிடத்தே இந்நோவு மிகுதியென 1960இல் நிலையத்தார் எடுத்துரைத்தனர். ஐசோனியசிட், பிரிடொட்சின் என்னும் விற்றமின் பீ6ஐ உடலிற் குன்றச் செய்வதே காரணம் என்பது முன்னரே தெரிந்திருந்தது. எவ்வளவு ஈடுசெய்தாற் போதும் என்பதே ஏழை நாடுகளுக்குரிய வினா. நாளொன்றுக்கு 6 மில்லிகிராமே நோவைத் தடுக்கும் என்ற விடை 1963இற் கிடைத்தது.

புற்றுநோய் மருந்துகள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. நம்மவர் பட்டிப்பூ என்றழைக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்தீன், நரம்பிழைகளினுள்ளே பொருள்களைக் கடத்தும் நுண்குழாய்களையே குலைப்பது. அங்கே குறைந்த சத்தை நிரப்புவதாற் பயனில்லை; ஒருவேளை அளவு 2 மில்லிகிராமுக்கு மேற்படாது காப்பதே மருத்துவர் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழி.