விழுங்கியது எங்கே போகிறது

1920களின் பிற்பகுதி. பாஸ்டன் சிட்டி ஹாஸ்பிடல். வில்லியம் காசில் என்று ஓர் இளம் டாக்டர். காலையில் 300 கிராம் மாட்டுக் கொத்துக்கறியை அரைவேக்காடாகச் சாப்பிடுகிறார். ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். பிறகு தொண்டைக்குள் விரலை விட்டு அத்தனையையும் வாந்தியெடுத்து, அதைப் பாத்திரத்தில் பிடித்து, கறி கரைந்து கூழாகும்வரை உடல்சூட்டில் வைக்கிறார். அந்தக் கூழ் டியூப் வழியாக வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் வயிற்றுக்குள் போகிறது.

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும். ஆனால் 'எனக்கு பி12 கம்மியாம்' என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிற எல்லோருடைய கதையும் இந்தப் பாத்திரத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

காசிலின் நோயாளிகளுக்கு வந்திருந்தது பெர்னிஷியஸ் அனீமியா. 1849ல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்த நோய். ஆள் மெல்ல வெளுப்பார், நாக்கு வழவழப்பாகும், கால் மரத்துப்போகும், கடைசியில் செத்துப்போவார். பெயரிலேயே 'கொல்லும்' என்ற பொருள் இருக்கிறது. 1926ல் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்துத் தேற்றிக்காட்டினார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு நாளைக்குக் கால் கிலோவரை. அவர்களுக்கு ஈரல் யோசனை வந்தது ஜார்ஜ் விப்பிளின் நாய்களிடமிருந்து. விப்பிள் நாய்களின் ரத்தத்தை எடுத்துவிட்டு எந்த உணவில் அவை சீக்கிரம் தேறுகின்றன என்று பார்த்தவர். அந்த நாய்களுக்கு இருந்தது இரும்புச்சத்துக் குறைவு, முற்றிலும் வேறு நோய்! தப்பான முகவரியை விசாரித்துக்கொண்டு போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டிய கதைகள் மருத்துவத்தில் நிறைய உண்டு. மூன்று பேருக்கும் 1934ல் நோபல் கிடைத்தது. காசிலுக்கு இல்லை.

எனக்கு என்னவோ காசில் கேட்ட கேள்விதான் பெரிய கேள்வி. ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள், சரி. ஆனால் நாம யாரும் தினமும் கால் கிலோ ஈரல் சாப்பிடுவதில்லையே, நமக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? இந்த நோயாளிகளின் வயிற்றில் அமிலம் சுரப்பதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அப்படியானால் குறை தட்டிலா, வயிற்றிலா?

முதலில் பத்து நாள் வெறும் கறி கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, தன் வயிற்றுக்குள் போய் வந்த கறியைக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கின. வயிற்றுச்சாறு மட்டும் கொடுத்தபோது பலன் இல்லை. இரண்டும் சேர வேண்டும். கறியில் இருப்பது வெளிக்காரணி, ஆரோக்கியமான வயிறு சேர்ப்பது உள்காரணி என்று 1929ல் எழுதினார். டியூப் வழியாக உள்ளே போவது என்னவென்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதை விடாது. அவர்கள் பிழைத்தார்கள் என்பதும் உண்மை, யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

வெளிக்காரணி என்னவென்று தெரிய 1948 ஆனது. அமெரிக்காவில் மெர்க் கம்பெனியும் இங்கிலாந்தில் கிளாக்ஸோவும் சில மாத இடைவெளியில் அதைப் பிரித்தெடுத்தன. பி12. சிவப்பு நிறப் படிகம். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். கண்ணுக்கே தெரியாத அந்தத் துளி ரத்தத்துக்குப் போய்ச்சேர ஒரு பயணமே இருக்கிறது. உணவில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். உள்காரணி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி கதவைத் திறக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் தட்டு நிறைய இருந்தும் உடம்பு பட்டினிதான்.

எனக்குப் பல வருடமாக நெஞ்செரிச்சல். காலையில் வெறும் வயிற்றில் அமிலம் குறைக்கிற மாத்திரை, அப்புறம்தான் காபி. கூடவே மாதத்துக்கு நாலைந்து நாள் ஒற்றைத் தலைவலி. விரல்நுனி மரத்துப்போகுதுன்னு சொன்னபோது டாக்டர் பி12 டெஸ்ட் எழுதினார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிடறீங்க?” இல்லை. “கேஸ் மாத்திரை எத்தனை வருஷமா?” என்றார். காசிலின் கேள்வியேதான். அமிலம் குறைந்தால் முதல் கட்டமே தடுமாறும். இரண்டு வருடத்துக்கு மேல் அந்த மாத்திரை எடுப்பவர்களிடம் பி12 குறைவு கூடுதலாக இருக்கிறது என்று 2013ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வும் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த ஊசிக்குப்பி அதே சிவப்பு.

அப்போ மாத்திரையே வேண்டாமா? அப்படியும் இல்லை. உள்காரணியே இல்லாவிட்டாலும் விழுங்குவதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போய்விடும். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10. அது போதும். 1960களிலேயே சுவீடனில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் தேவையைவிட நானூறு மடங்கு எழுதியிருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் 1940களின் நடுவில் நடந்தது பயமுறுத்துகிறது. ஃபோலிக் ஆசிட் புதிதாக வந்திருந்த நேரம். பெர்னிஷியஸ் அனீமியாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் அழகாக ஏறியது, முகம் சிவந்தது. ஈரல் இனி வேண்டாம் என்ற சந்தோஷம். கொஞ்ச நாளில் சிலருக்கு நடை தள்ளாடியது. ரத்தச்சோகையைச் சரிசெய்த ஃபோலிக் ஆசிட் நரம்பைக் காப்பாற்றவில்லை. பி12 குறைவு உள்ளுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ரத்த ரிப்போர்ட் நன்றாக இருந்ததால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். காரணம் தெரியாமல் ஒரு சத்து மாத்திரையை ஆரம்பிப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

இந்தக் கதையில் நம்ம வேலூரும் உண்டு. 1960களில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு பரவியது. டிராபிகல் ஸ்ப்ரூ. சிறுகுடலின் உள்சுவர் தேய்ந்து, கொழுப்பு, ஃபோலிக் ஆசிட், பி12 எதையும் உறிஞ்ச முடியாத நிலை. சிஎம்சியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் பல வருடம் அதன் பின்னால் அலைந்தார்கள். பஞ்சத்தில் வரும் மெலிவு இல்லை அது. சாப்பிட்டதே தங்காத மெலிவு. அதே குழு 1980ல் 'நேச்சர்' இதழில் வேறொன்றையும் எழுதியது: ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கின்றன. கறி வாங்க வழியில்லாத வயிற்றில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவர்கள் கொஞ்சம் சமைத்தும் போட்டிருக்கிறார்கள்!

ஒற்றைத் தலைவலிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 1974. லண்டனில் கிளின் வோலன்ஸ், தலைவலி உச்சத்தில் இருந்தவர்களுக்குக் கரையும் ஆஸ்பிரின் கொடுத்து ரத்தத்தில் அளந்தார். வலி இல்லாத நாளில் சீக்கிரம் ஏறுகிற மருந்து வலி நாளில் தாமதமாகத்தான் ஏறியது. தலை வலிக்கும்போது வயிறும் வேலைநிறுத்தம் செய்கிறது. வாந்தியை நிறுத்துகிற, வயிற்றை நகர்த்துகிற மருந்தையும் டாக்டர்கள் சேர்த்து எழுதுவது இதனால்தான்.

வைட்டமின் பக்கம் 1998ல் பெல்ஜியத்தில் ஜீன் ஷோனென் குழு 55 பேரிடம் பி2வைச் சோதித்தது. தினமும் 400 மில்லிகிராம், மூன்று மாதம். பி2 எடுத்தவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தது. வெறும் மாத்திரையில் 15. சின்ன ஆய்வுதான். என் டாக்டரிடம் இதைக் காட்டினேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார், பலன் முதல் மாதத்திலேயே தெரியாது என்றும் சொன்னார். சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயந்துடாதீங்க என்பதையும் சேர்த்துக்கொண்டார். இப்போது ஏழாவது வாரம். தலைவலி நாட்களைக் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன்.