மாணிக்கப் பரலும் முத்துப் பரலும்

சிலப்பதிகாரத்தை ஊழின் கதை என்றும் கற்பின் கதை என்றும் கற்றோர் போற்றுவர். அதனுள் ஒரு மணித்தேர்வின் கதையும் உண்டு. கோப்பெருந்தேவியின் சிலம்பினுள் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கப் பரல். இவ்வொரு வேறுபாட்டைத் தேர்ந்து அறிந்திருப்பின் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினானேயன்றிச் சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. கண்ணகி அதனை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது; அதற்குள் கோவலன் மாண்டிருந்தான்.

மணிநூல் அறிவு இல்லாத ஊரில் நிகழ்ந்த பிழையா இது? அன்று. கொலைக்கு முன் கோவலன் மதுரையைச் சுற்றிவந்ததைக் கூறும் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் நவமணிக் கடைத்தெருவையே நம் கண்முன் நிறுத்துகிறார். வைரத்தில் காக்கையின் கால்போன்ற கீறலும் கறையும் புள்ளியும் கோடும் குற்றம். மரகதத்தில் இருள் குற்றம். பவளத்தில் துளையும் முறுக்கும் குற்றம். முத்துக்கோ காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் குற்றம் நேரும். இத்தனையும் அறிந்த வணிகர் வாழ்ந்த நகரில்தான் ஒரு சிலம்பு தேர்வின்றித் தீர்ப்புக்குள்ளாயிற்று. அறிவு கடைத்தெருவில் இருந்தது, அரசவைக்கு அழைக்கப்படவில்லை.

இப்பிழைக்கு மாறான காட்சியைத் தஞ்சையில் காண்கிறோம். முதலாம் இராசராசன் எடுத்து 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த அணிகலன்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடுகின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எனப் பல வகையாகப் பிரித்து எழுதினர். வைரங்களிலோ பொறிவும் முறிவும் செம்புள்ளியும் கரும்புள்ளியும் வெந்த தழும்பும் உடையவற்றையும் மறையாது குறித்தனர். பதிவேடுகளோடே நாள் கழிக்கும் அலுவலக எழுத்தராகிய நமக்கு இக்கணக்கு வியப்பளிக்கிறது. கொடுத்தவன் பேரரசன், பெற்றவன் இறைவன். ஆயினும் குற்றமுள்ள கல் குற்றமுள்ளதென்றே எழுதப்பட்டது.

மாஹிமிலும் தாராவியிலும் வாழும் தமிழருள் பலருடைய பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை அச்சீமைக் கடலோரத்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளூஸ் என்னும் கடற்பயண நூல், அங்குக் குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைக் கூறுகிறது. 1955 முதல் 1961 வரை நடைபெற்றதோடு தூத்துக்குடியின் பெரும் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. நாம் குடியேறிய இந்நகருக்கும் முத்தோடு பழந்தொடர்பு உண்டு. பாரசீக வளைகுடாவில், பஹ்ரைன் முதலிய இடங்களில் எடுத்த முத்துகள் பம்பாய்க்கு வந்தே துளையிடப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டன. இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றன. பஸ்ரா முத்து என்று நம் பாட்டிமார் வாய் நிறையச் சொன்னது இவ்வளைகுடா முத்தையே.

அவ்வணிகத்தை வீழ்த்தியது பொய்முத்து அன்று, மெய்ம்முத்தே. 1893-இல் ஜப்பானில் கோகிச்சி மிகிமோட்டோ சிப்பிக்குள் அரைக்கோள முத்தை விளைவித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் உருண்டை முத்தும் விளைந்தது. 1921-இல் லண்டன் சந்தை கலங்கியது. நன்னீர்ச் சிப்பியோட்டில் கடைந்த மணியைச் சிப்பிக்குள் வைத்தால், அதன்மேல் சிப்பி தன் ஒளிப்படலத்தைப் பூசுகிறது. பூச்சு இயற்கையானது, கரு மனிதன் இட்டது. வளர்ப்பு முத்தின் வெள்ளமும் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வளைகுடா முத்தின் விலையைச் சரித்தன. பிற்காலத்தில் நம் தூத்துக்குடியிலும் 1973-இல் அறிஞர் கே. அழகர்சுவாமி முயற்சியால் வளர்ப்பு முத்து விளைந்தது. ஆகவே வளர்ப்பு முத்து இழிந்ததன்று. அதனை இயற்கை முத்தென்று சொல்லி விற்பதே இழிவு.

இவற்றை எங்ஙனம் பிரித்தறிவது? முத்தைப் பல்லில் மெல்லத் தேய்த்துப் பார்ப்பது பழைய வழக்கம். மீன்செதிள் சாந்து பூசிய கண்ணாடிமணி வழுக்கும். முத்து நறநறவென்று இருக்கும். ஆனால் இத்தேர்வு கண்ணாடியைக் காட்டிக்கொடுக்குமேயன்றி வளர்ப்பு முத்தைக் காட்டாது, அதுவும் நறநறக்கும். துளையின் வாயை உருப்பெருக்கியால் நோக்கின், கருவும் பூச்சும் பிரியும் கோடு தெரியக்கூடும். சாயம் ஏற்றிய முத்தாயின் துளையோரம் நிறம் திரண்டிருக்கும். முடிந்த முடிபு தருவது எக்ஸ்கதிர்ப் படமே. இயற்கை முத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்கான வளையங்கள் தோன்றும். கரு இட்ட முத்தில் நடுவே உருண்டைமணி தோன்றும்.

மாணிக்கத்தின் நிலை இன்னும் வியப்புடையது. பிரெஞ்சு அறிஞர் வெர்னூயி 1902-இல் வெளியிட்ட முறைப்படி, சுடரில் உருக்கி மாணிக்கத்தை ஆக்கலாம். அதன் பொருளும் நிறமும் கடினமும் இயற்கை மாணிக்கத்தினவே. வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஆக்கிய கல்லில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் காணலாம். மண்ணில் பிறந்த கல்லிலோ நேரிய வளர்ச்சிக் கோடுகளும் பட்டிழைபோன்ற நுண்ணூசிகளும் காணலாம். அவ்வூசிகள் கரைந்தும் சிதைந்தும் இருப்பின், கல் கடுஞ்சூட்டில் வாட்டப்பட்டது என்று அறிஞர் ஐயுறுவர். முன்னாளில் விலையைக் குறைத்த குற்றமே இந்நாளில் பிறப்புக்குச் சான்று. மாசுமறுவற்ற பெரிய மாணிக்கத்தை மலிவாக ஒருவர் நீட்டின், நாம் மகிழ்வதற்கு முன் ஐயுறுதல் வேண்டும்.

மகளின் திருமணத்துக்காக முத்துச்சரம் வாங்குவோர் நம்மிடை உளர். பாட்டி விட்டுச்சென்ற தோட்டை வறுமையால் விற்போரும் உளர். முன்னவர் வளர்ப்பு முத்துக்கு இயற்கை முத்தின் விலை கொடுத்து ஏமாறலாம். பின்னவர் இயற்கை முத்தை வளர்ப்பு முத்தின் விலைக்கு இழக்கலாம். இருவர்க்கும் காவலாவது ஆய்வுக்கூடச் சான்றும், இன்னது என்று எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டுமே. தஞ்சையில் கல்லில் எழுதியதை நாம் தாளில் எழுதிக் கேட்போம். மதுரையில் சிலம்பு உடைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. நம் தேர்வு கொடுக்கல் வாங்கலுக்கு முன்னரே நிகழட்டும்.