பெயர் அங்கே, ஆட்கள் இங்கே

கட்டற்ற மென்பொருளின் கதை – 6

சென்ற வாரம் புடாபெஸ்டில் நிறுத்தியிருந்தோம். 2010 ஆகஸ்ட் 31. ஓப்பன்ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் மாநாடு அங்கே கூடியிருந்தது. திட்டத்துக்குப் பத்து வயது நிறையும் ஆண்டு, கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் ஒரு கேள்வி தொக்கி நின்றது: ‘அடுத்தது நம் முறையா?’

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஜனவரியில்தான் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கி முடித்திருந்தது. சன் வளர்த்த ஓப்பன் சோர்ஸ் பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் ஆரக்கிள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகஸ்டில் ஜாவாவை வைத்து கூகுள் மீது ஆரக்கிள் வழக்குப் போட்டது. அதே மாதம் சன்னின் இயங்குதளமான ஓப்பன்சோலாரிஸின் கதை முடிந்தது. ஆரக்கிளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மௌனமே பதிலாக வர, அதன் நிர்வாகக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஓப்பன்ஆபீஸ்காரர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாநாடு முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 28 அன்று குண்டு வெடித்தது.

‘தி டாக்குமென்ட் பவுண்டேஷன்’ என்ற புதிய அமைப்பைத் தொடங்குகிறோம், இனி எந்த நிறுவனத்தின் தயவிலும் இல்லாமல் இந்த மென்பொருளை நாங்களே நடத்துவோம் என்று சமூகத்தின் முன்னணி ஆட்கள் அறிவித்தார்கள். அன்றே தரவிறக்கிப் பார்க்க ஒரு பீட்டா பதிப்பும் தயாராக இருந்தது. கூகுள், நோவெல், ரெட் ஹேட், கேனோனிக்கல் என்று ஆதரவுப் பட்டியல் நீண்டது. அதில் ஒரே ஒரு பெரிய பெயரைக் காணவில்லை: ஐபிஎம். தன் அலுவலக மென்பொருளான லோட்டஸ் சிம்பொனியையே ஓப்பன்ஆபீஸ் நிரலின் மேல் கட்டியிருந்த ஐபிஎம்! இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பெயரில் இருந்தது. ஓப்பன்ஆபீஸின் நிரல் எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், வெளியிடலாம். பெயர் அப்படியல்ல. அது பதிவு செய்த வணிகச் சின்னம், ஆரக்கிளின் சொத்து. பத்தாண்டு உழைத்தவனுக்கும் அதில் பாத்தியதை கிடையாது.

ஆகவே புதிய அமைப்பு இரண்டு காரியம் செய்தது. ‘நீங்களும் எங்களோடு சேருங்கள், பெயரைச் சமூகத்துக்கே கொடுத்துவிடுங்கள்’ என்று ஆரக்கிளுக்கு அழைப்பு விடுத்தது. பதில் வரும்வரை தற்காலிகமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டது: லிப்ரேஆபீஸ்.

பதில் வந்தது. வந்த விதம்தான் யாரும் எதிர்பாராதது.

*

அக்டோபர் 14. ஓப்பன்ஆபீஸின் சமூக மன்றம் வழக்கம்போல் இணைய அரட்டை அறையில் கூடியது. மேசை, நாற்காலி, மைக் எதுவும் கிடையாது. திரையில் வரிவரியாக ஓடும் எழுத்துதான் கூட்டம். தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆரக்கிள் ஊழியர். மன்றத்தின் மற்ற உறுப்பினர்களில் பலர் புதிய அமைப்பிலும் இருந்தார்கள்.

அவர்களிடம் கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: நீங்கள் போட்டி அமைப்பில் இருக்கிறீர்கள், இரண்டு பக்க நலனும் மோதுகிறது, ஆகவே மன்றத்திலிருந்து விலகிவிடுங்கள். ‘போட்டியே இல்லை, உங்களையும் சேர்த்துத்தானே கூப்பிட்டோம்’ என்று இவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. கூட்டத்தின் பதிவு வெளியில் வந்ததும், அதுவரை மதில்மேல் பூனையாக இருந்தவர்களுக்குக்கூடக் கணக்குத் தெளிவாகிவிட்டது.

மாதம் முடிவதற்குள் ஜெர்மன் மொழிக் குழுவைச் சேர்ந்த 33 பேர் கூட்டாக விலகினார்கள். தற்காலிகப் பெயர் நிரந்தரமாகிவிட்டது.

*

பெயர் போனதில் ஒரு லாபமும் இருந்தது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

சன் காலத்தில் ஓப்பன்ஆபீஸுக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேண்டுமென்றால், முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் எழுதிய நிரலின் பதிப்புரிமையில் சன்னுக்கும் பங்கு உண்டு என்ற ஒப்பந்தம் அது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நடையைக் கட்டிவிடுவார். நோவெலின் மைக்கேல் மீக்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் குறைசொல்லி வந்தது இதைத்தான். சன் சேர்த்துக்கொள்ளாத திருத்தங்களையெல்லாம் திரட்டி ‘கோ-ஓஓ’ என்று தனிப் பதிப்பே நடத்திவந்தார்கள். லிப்ரேஆபீஸில் அந்தப் படிவத்துக்கு இடமில்லை. கோ-ஓஓவின் திருத்தங்கள் மொத்தமாக உள்ளே வந்தன.

பிறகு நிரலைத் திறந்து உட்கார்ந்தார்கள். வீடு மாற்றும்போதுதானே பரண்மேல் என்னென்ன கிடக்கிறது என்று தெரியும்!

1985இல் ஜெர்மனியின் லூனபர்க் நகரில் மார்க்கோ போரிஸ் என்ற பதின்வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்திலிருந்து வந்த நிரல் இது. சன் அதை 1999இல் வாங்கியது. எழுதியவர்கள் ஜெர்மானியர்கள், ஆகவே நிரலுக்கு நடுவே அவர்கள் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகளும் ஜெர்மன் மொழியில். ‘இந்த வரி எதற்கு’ என்று பார்க்கப் போகும் பிரேசில்காரருக்கோ இந்தியருக்கோ ஒரு சொல்லும் புரியாது. இப்படிப்பட்ட குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

அவற்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு சிறு நிரல் எழுதினார்கள். கோப்பு கோப்பாகப் புகுந்து, ‘இந்த வரி ஜெர்மன் போலத் தெரிகிறது’ என்று பட்டியல் கொடுப்பதே அதன் வேலை. சி++ அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், ஜெர்மன் நன்றாகத் தெரிந்தால் ஒரு கோப்பை எடுத்து, குறிப்புகளை ஆங்கிலமாக்கி அனுப்பலாம். திரையில் ஒரு பொத்தான்கூட மாறாது. ஆனால் அடுத்து வருபவருக்கு அந்தக் கோப்பு புரியும்.

இதுபோன்ற சில்லறை வேலைகளையெல்லாம் திரட்டி, ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று புதியவர்களுக்கென்றே பட்டியல் போட்டார்கள். ரெட் ஹேட்டின் கீலன் மெக்நமாரா எழுதிய ஒரு கருவி, எங்கிருந்தும் அழைக்கப்படாமல் சும்மா கிடக்கும் ஃபங்ஷன்களைக் காட்டிக் கொடுத்தது. அவற்றை நீக்குவதும் புதியவர்களுக்கு ஏற்ற பயிற்சி. குப்பையை அள்ள வந்தவர்களில் சிலர் கட்டுமானமே கற்றுக்கொண்டார்கள். செப்டம்பரில் இருபதுக்கும் குறைவாக இருந்த புரோகிராமர்கள், ஜனவரியில் நூறைத் தாண்டினார்கள்.

பெயரை வைத்திருந்தவர்களிடம் பணம் இருந்தது. பெயரை இழந்தவர்களிடம் கதவு திறந்திருந்தது. ஆட்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

*

2011 ஜனவரி 25. லிப்ரேஆபீஸ் 3.3 வெளியானது. அதே வாரம் ஆரக்கிளின் ஓப்பன்ஆபீஸ் 3.3யும் வந்தது. எண் ஒன்று, பிறப்பு ஒன்று, பெயர் மட்டும் வேறு.

பிப்ரவரியில் இன்னொரு சோதனை. ஜெர்மனியில் சட்டப்படி அறக்கட்டளை பதிவு செய்ய 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது. பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. ஏப்ரலில் உபுண்டு இயங்குதளத்தின் 11.04 பதிப்பு வந்தபோது, அதில் ஓப்பன்ஆபீஸ் இருந்த இடத்தில் லிப்ரேஆபீஸ் உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் 15 அன்று ஆரக்கிள் இறங்கிவந்தது. ஓப்பன்ஆபீஸின் வணிகப் பதிப்பை இனி விற்கப்போவதில்லை, அது சமூகத் திட்டமாகவே நடக்கட்டும் என்று அறிவித்தது. பிரிந்த குடும்பம் ஒன்றுசேர இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஏழு மாதம் முன்பு கேட்ட பெயர், கைக்கெட்டும் தூரத்தில். சமூகம் எதுவென்பதில் யாருக்கு என்ன சந்தேகம்?

ஆறு வாரம் பேச்சு மூச்சில்லை.

ஜூன் 1. ஆரக்கிளின் அறிக்கை வெளியானது. ஓப்பன்ஆபீஸ் பெயரையும் நிரலையும் கொடையாகக் கொடுக்கிறோம், அதுவும் லாப நோக்கமில்லாத ஒரு அமைப்புக்கு. நினைத்தபடிதானே நடந்திருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போனவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அமைப்பு, தி டாக்குமென்ட் பவுண்டேஷன் அல்ல.

கொடையை வரவேற்று அன்றே முன்னால் வந்து நின்றது ஐபிஎம்.

பெயர் யாரிடம் போனது? ஐபிஎம்முக்கு அதில் என்ன லாபம்?

(தொடரும்)