கஞ்சித் தொட்டியும் உயிர்க் கடமையும்

"விதி முடிந்தது, போய்விட்டான்" என்று சாவு வீட்டிலே சொல்லிவிடுவது எளிது. எந்த விதி? தலையெழுத்தா, தாளிலே எழுதிய விதியா?

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பழைய மக்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். காரணமுண்டு தோழர்களே! 1782-இல், ஐதர் அலியோடு கும்பெனி போரிட்ட நாளில், பஞ்சம் சென்னையைப் பிடித்தாட்டியபோது, பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். வெள்ளையர் நாவிலே அது 'மனேகர்' ஆயிற்று. அண்டர்வுட் எனும் மருத்துவர் 1799-இல் ஏழைகட்குத் தொடங்கிய சிகிச்சை இல்லம் பின்னர் அதனோடு இணைந்தது. 1910-இல் அரசு அதனை ஏற்று இராயபுரம் மருத்துவமனை ஆக்கிற்று. 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மலர்ந்தது.

கஞ்சி வார்த்தவர் நெஞ்சம் பெரிது, மறுப்பாரில்லை. ஆயினும் கஞ்சி பெறுபவன் கைகூப்பலாம், கணக்குக் கேட்கலாகாது. 'தொட்டி காலி' என்றால் திரும்பி நடக்கவேண்டியவன்தானே அவன்! மருத்துவத்தையும் தருமமென்றே எண்ணியவரை, கவனக்குறைவு என்று குறை கூற ஏழைக்கு நா எழுமா?

1953-இல் மராட்டியக் கடற்கரையொன்றில் ஓர் இளைஞனுக்குத் தொடையெலும்பு முறிந்தது. போதிய மயக்க மருந்தின்றி எலும்பை இழுத்துக் கட்டினர், அதிர்ச்சியில் மாண்டான். 1968-இல் உச்சநீதிமன்றம் அளவுகோலை வகுத்தது: மிக உயர்ந்த திறன் வேண்டியதில்லை, மிகத் தாழ்ந்ததும் ஆகாது, நியாயமான திறனும் கவனமும் வேண்டும்.

சரி, வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பினால்? கார் மோதி வீழ்ந்த ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை, 'இது போலீசு வழக்கு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு செல்க' என்றனர். வழியிலேயே உயிர் பிரிந்தது. கொன்றது காரா, தாள் விதியா? பரமானந்த் கட்டாரா வழக்குத் தொடுத்தார். உயிர் காப்பதே முதற் கடமை, அரசு மருத்துவர்க்கும் தனியார்க்கும் அதுவே. எந்த நடைமுறையும் குறுக்கே நிற்கலாகாது என்றது 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

அதன் பின்னும் நடந்ததைக் கேளுங்கள்! 1992 சூலையில் வங்கத்திலே, இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவிட்டுப் பிழைத்தார். 1996-இல் உச்சநீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கிற்று. உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதே என்றது. பணமில்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை.

கன்டெய்னர் லாரிகள் விரையும் எண்ணூர்ச் சாலையோரத்து மக்கட்கு இவை வெறும் ஏட்டுச் செய்திகளல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குரிய கடற்குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி இருளிலே ஓடின. விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாக்கியது அதற்கு ஈராண்டு முன்புதான், 2021 டிசம்பரில்.