கொடைக்கானல் இ-பாஸ்: ஓர் இணையதளத்தைக் கிளவுடில் நிறுவுதல்

கொடைக்கானல் இ-பாஸ் என்பது, பழனி மலைத்தொடரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கு வாகனத்தில் வரும் சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டிய அனுமதிச் சீட்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 அன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இணையதளம் வழியாக இது வழங்கப்படுகிறது. ஒரு மலையூருக்குள் நுழைவதை இணையதளம் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டதால், அத்தகைய தளத்தை எப்படி எழுதுகிறார்கள், எப்படிக் கிளவுடில் ஏற்றுகிறார்கள், எந்த அமைப்பு தவறினால் என்ன ஆகும் என்பவை பொதுமக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களாகிவிட்டன. இக்கட்டுரை இ-பாஸின் வரலாற்றைச் சுருக்கமாகவும், இத்தகைய தளங்களை நிறுவும் முறையை விரிவாகவும் சொல்கிறது.

வரலாறு

இணையவழி அனுமதி தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது கொரோனா பொதுமுடக்கத்தின்போது. 2020-இல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லவே இ-பாஸ் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலையூர்களுக்குச் செல்வோருக்கு மட்டும் தொடர்ந்தது. அன்றைய காரணம் தொற்று. 2024-இல் காரணம் வாகன நெரிசல்.

2024 ஏப்ரல் 29 அன்று நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்ரவர்த்தி அமர்வு, கோடை விடுமுறைக் காலத்தில் இரு மலைகளுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. முதல் கட்டத்தில் எண்ணிக்கை வரம்பு கிடையாது. விண்ணப்பித்தவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எந்த வகை வாகனம், எத்தனை பேர், அன்றே திரும்புகிறார்களா, தங்குகிறார்கள் என்றால் எங்கே என்ற விவரங்களைத் திரட்டுவதே நோக்கம். உள்நாட்டவர் கைபேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டவர் மின்னஞ்சலைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம்.

2025 மார்ச் 13 அன்று வந்த உத்தரவு அடுத்த கட்டம். மலைகளின் தாங்குதிறனை ஐ.ஐ.டி. சென்னையும் ஐ.ஐ.எம். பெங்களூருவும் ஆராய்ந்து சொல்லும் வரை இடைக்கால ஏற்பாடாக, ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு இது 6,000, 8,000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

இந்த உத்தரவு தளத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. விவரங்களை வாங்கிச் சேமித்து வைக்கும் படிவமாக இருந்த ஒன்று, எண்ணி எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கை தீர்ந்ததும் நிறுத்த வேண்டிய கருவியாக ஆனது. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் கிளவுடில் நிறுவும் முறை வேறு.

ஃப்ரேம்வொர்க்கும் கிளவுடும்

இணையதளத்துக்கு அடிக்கடி தேவைப்படும் வேலைகளை, அதாவது முகவரிக்கேற்ற பக்கத்தைத் தருதல், படிவத்தைச் சரிபார்த்தல், தரவுத்தளத்தோடு பேசுதல், பயனரை அடையாளம் காணுதல் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதித் தொகுத்த மென்பொருள் அடித்தளமே ஃப்ரேம்வொர்க். 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-இல் ஜாங்கோ, 2011-இல் லாராவெல், 2016-இல் நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆகியவை வெளியாயின. அவற்றில் எழுதிய தளத்தைச் சொந்தமாக சர்வர் வாங்காமல் இயக்க ஹெரோக்கு (2007), கூகுள் ஆப் எஞ்சின் (2008) போன்ற கிளவுட் சேவைகள் வழி செய்தன. ஹெரோக்குவை நடத்தியவர்கள் 2011-இல் வெளியிட்ட பன்னிரண்டு நெறிகள் இன்றும் இத்துறையின் அடிப்படை. நிரல் ஓரிடத்திலும், அது ஓடும் இடத்துக்கேற்ப மாறும் அமைப்புகள் வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது.

இந்திய அரசு 2014-இல் மேகராஜ் என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான கிளவுடைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்களில் மைக்ரோசாஃப்ட் 2015-இலும், அமேசான் 2016-இலும், கூகுள் 2017-இலும் இந்திய மண்ணில் தரவு மையங்களைத் திறந்தன. மைக்ரோசாஃப்டின் மையங்களில் ஒன்று சென்னையில் உள்ளது.

மாறாத பக்கமும் மாறும் எண்ணிக்கையும்

கிளவுடில் ஏற்றுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தளத்தில் எது மாறாதது, எது நொடிக்கு நொடி மாறுவது என்பது. கொடைக்கானலே இதற்கு இரு எல்லைகளையும் காட்டுகிறது.

1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பழைய கண்ணாடித் தகடுகளை எண்ணிம வடிவாக்கி ஆய்வாளர்களுக்கு இணையத்தில் தருகிறது. 4,096 × 4,096 படப்புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் ஒரு படத்துக்குச் சுமார் 33 மெகாபைட். 1904-ஆம் ஆண்டுத் தகட்டின் படம் இனி ஒருநாளும் மாறாது. இத்தகைய கோப்புகளை ஃப்ரேம்வொர்க்கின் வழியாக அனுப்புவது வீண். அவற்றைக் கோப்புகளை அப்படியே வைத்திருக்கும் பொருள் சேமிப்பகத்தில் வைத்து, உலகெங்கும் நகல் வைத்துக்கொள்ளும் சிடிஎன் வழியாகத் தந்தால் போதும். "ஓராண்டுக்கு மாறாது" என்று கோப்போடு செல்லும் கேஷ் தலைப்பில் எழுதிவிட்டால், ஒருமுறை இறக்கியவரின் உலாவி அதன் நகலையே வைத்துக்கொள்ளும்; மறுமுறை சர்வரைத் தொட வேண்டியிராது.

இ-பாஸில் மீதமுள்ள இடங்களின் எண்ணிக்கை இதற்கு நேர் எதிர். அதை நகலெடுத்து வைத்தால், தீர்ந்துபோன இடம் இன்னும் இருப்பதாகத் தெரியும். ஆகவே வழிகாட்டிப் பக்கம், விதிமுறைகள், எழுத்துருக்கள் எல்லாம் எங்கும் பரவியிருக்கலாம். எண்ணிக்கை மட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இ-பாஸ் போன்ற தளத்தை நிறுவுவோர் எடுக்கும் முடிவுகளில் இதற்கு மேலான முடிவு இல்லை.

எண்ணுதல்

வரம்பு 4,000, இதுவரை கொடுத்தது 3,999. மதுரையிலிருந்து ஒருவரும் கோவையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். நிரல் முதலில் எண்ணிக்கையைப் படித்து, இடம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒன்றைக் கூட்டி எழுதுவதாக அமைந்திருந்தால் இருவருக்கும் 3,999 என்றே தெரியும். இருவருக்கும் பாஸ் போகும். கணினியில் தனியாகச் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கிளவுடில் கூட்டம் கூடும்போதுதான் தெரியும்.

தீர்வு தரவுத்தளத்தில் இருக்கிறது. "எண்ணிக்கை வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு" என்பதை ஒரே கட்டளையாகக் கொடுக்கலாம். அல்லது அந்த நாளுக்குரிய வரிசையைப் பூட்டி, எழுதி முடித்தபின் விடுவிக்கலாம். ஜாங்கோவில் இதற்கு, முழுவதுமாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத 'அணு'ப் பரிவர்த்தனையும் வரிசைப் பூட்டும் உள்ளன. எண்ணிக்கையை சர்வரின் நினைவகத்தில் வைப்பது மட்டும் கூடாது. கூட்டம் ஏறினால் கிளவுட் தானாகவே பத்து, இருபது சர்வர்களை எழுப்பும். ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணத் தொடங்கினால் வரம்புக்குப் பொருளே இல்லை.

சர்வர்கள் பெருகும்போது இன்னொரு சிக்கலும் வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பு நிலையில் ஏற்கும் இணைப்புகள் 100. இருபது சர்வர்கள் ஆளுக்கு ஐந்து இணைப்பு பிடித்தாலே அது நிறைந்துவிடும். இடையில் இணைப்புத் தொகுப்பான் ஒன்றை வைத்து, சில இணைப்புகளைப் பலர் பகிரும்படி செய்வதே வழி.

வரம்பு எண்ணை நிரலுக்குள் எழுதுவதும் தவறு. 4,000 என்பது நீதிமன்றம் இடைக்காலமாகச் சொன்ன எண், மாறக்கூடியது. நாள்வாரியான வரம்பு தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருந்தால், புதிய உத்தரவு வந்த அன்றே பொறுப்பு அதிகாரி மாற்றிவிடலாம். தளத்தை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை.

நேரம்

கிளவுட் சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். புதிதாகத் தொடங்கும் ஜாங்கோ திட்டத்தின் அமைப்புக் கோப்பிலும் நேர மண்டலம் யூடிசி என்றே இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இதை மாற்ற மறந்தால், நம் சனிக்கிழமை அந்தத் தளத்துக்குக் காலை 5:30 மணிக்குத்தான் பிறக்கும்.

சென்னையிலிருந்து வெள்ளி இரவு புறப்பட்ட குடும்பம் விடிகாலை நான்கு மணிக்கு மலையேறி வருகிறது. சனிக்கிழமை தேதியிட்ட சரியான பாஸ் கையில் இருக்கிறது. நுழைவிடத்தில் ஸ்கேன் செய்தால் "தேதி வரவில்லை" என்று காட்டும். அதுபோலவே திங்கள் அதிகாலையில் வார இறுதி வரம்பே ஓடிக்கொண்டிருக்கும். ஆசியா/கொல்கத்தா என்று ஒரே ஒரு வரியில் நேர மண்டலத்தை எழுதி, "இன்று" என்பதை அந்த மண்டலத்தின்படி கணக்கிடும்படி நிரலை அமைத்தால் இத்தனையும் தீரும். வெயிலிலும் குளிரிலும் வரிசையில் நிற்கும் மக்களின் துன்பத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய வேலை.

மற்ற அமைப்புகள்

ஜாங்கோவை எடுத்துக்காட்டாகக் கொண்டால், பிழை தேடுவதற்கான டீபக் நிலையை அணைத்தாக வேண்டும். அது விழித்திருந்தால், பிழை நேரும்போது நிரல் வரிகளும் மாறிகளின் மதிப்புகளும் பார்ப்பவர் திரையில் வந்துவிடும். கைபேசி எண், வாகன எண், தங்கும் இடம் எல்லாம் வைத்திருக்கும் தளத்தில் இது பொறுக்க முடியாத கசிவு. ரகசியச் சாவியும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் நிரல் களஞ்சியத்தில் இருக்கலாகாது. கிளவுட் தரும் சூழல் மாறிகளில் இருக்க வேண்டும். எந்த முகவரிகளுக்குத் தளம் பதில் சொல்லும் என்ற பட்டியலையும் நிரப்ப வேண்டும்.

முதன்முறையாக ஏற்றுவோரைத் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று, நிரல் தன் கணினிக்குள் இருக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருப்பது. கிளவுடில் 0.0.0.0 முகவரியிலும், சேவை குறிப்பிடும் போர்ட்டிலும் கேட்க வேண்டும். மற்றொன்று, எச்டிடிபிஎஸ். கிளவுடின் வாசலில் பாதுகாப்பு உறை கழற்றப்பட்டு, உள்ளே வெறும் எச்டிடிபியாகவே கோரிக்கை வந்து சேரும். அதை அறியாத ஃப்ரேம்வொர்க் பாதுகாப்பான முகவரிக்கே திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பும். பக்கம் திறக்கவே திறக்காது. முன்வாசல் அனுப்பும் தலைப்பை நம்பலாம் என்று அமைப்புக் கோப்பில் சொல்லிவிட்டால் சரியாகும். பதிவேற்றிய கோப்புகளை சர்வரின் வட்டில் வைப்பதும் ஆகாது. பல கிளவுட் சேவைகளில் சர்வர் மறுபடி எழும்போது அந்த வட்டு வெறுமையாகிவிடும்.

மலையிலிருந்து பார்த்தால்

வத்தலக்குண்டு வழியாக வந்தாலும் பழனி வழியாக வந்தாலும் பெருமாள்மலையைக் கடந்து வெள்ளி அருவி சுங்கச்சாவடி வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். மலைப்பாதையின் பல வளைவுகளில் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. ஆகவே பாஸ், இணையம் இல்லாமலும் காட்டக்கூடிய சிறு கோப்பாகக் கைபேசியில் தங்க வேண்டும். அதன் க்யூஆர் குறியீட்டில் எண்ணிமக் கையொப்பம் இருந்தால், சரிபார்க்கும் பணியாளரின் கருவியும் ஒவ்வொரு வண்டிக்கும் சர்வரைக் கேட்க வேண்டியிராது. விண்ணப்பப் பக்கம் கனமான படங்கள் இல்லாமல் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்குவது நல்லது.

மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்க்காரர்களுக்கு வரம்பிலிருந்து விலக்கு உண்டு. மலைப்பூண்டும் காய்கறியும் ஏற்றி இறங்கும் வண்டிகள் அன்றாடம் ஓடுபவை. இவர்களுடைய பதிவை சுற்றுலா வரம்பு தொடாத தனி வகையாகத் தரவுத்தளத்திலேயே பிரித்து வைக்க வேண்டும். உள்ளூர் வண்டி ஒன்றுக்கு "இன்றைய இடங்கள் தீர்ந்தன" என்று தளம் சொல்லுமானால், அது தொழில்நுட்பக் கோளாறு என்ற அளவில் நிற்காது. சொந்த ஊருக்குப் போகிறவரைத் தடுத்த அநீதியாகும்.

ஏற்றுதலும் மீட்டலும்

புதிய பதிப்பை வெள்ளிக்கிழமை ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். வார இறுதிக்கு முந்தைய அன்று விண்ணப்பங்கள் குவியக்கூடும். யாரும் வராதபோது சர்வரை முழுவதும் உறங்கவிடும் வசதி செலவைக் குறைக்கும். ஆனால் விழித்தெழச் சில நொடிகள் ஆகும் என்பதால், விடுமுறைக் காலத்தில் குறைந்தது ஒரு சர்வராவது எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். புதிய பதிப்பில் பிழை இருந்தால் முந்தையதற்கு ஒரே கட்டளையில் திரும்பும் வசதியைப் பெரும்பாலான கிளவுட் சேவைகள் தருகின்றன. தரவுத்தள அமைப்பில் செய்த மாற்றம் அப்படித் தானாகத் திரும்பாது. எனவே அதைத் தனியாக, முந்தைய நிரலும் தாங்கும் விதத்தில் முதலில் செய்துகொள்ள வேண்டும். இத்தகைய தளத்தின் பொறுப்பில் இருப்போர், தரவுத்தளக் காப்புப் பிரதியை ஒருமுறையாவது உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்த்த பிறகே ஏப்ரல் மாதப் பதிவைத் திறக்க வேண்டும்.