இரைச்சலும் சைகையும்: சிற்றலைக் கணிதம் தோன்றிய வரலாறு

1889ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வியன்னா நகரில் இசைமேதை பிராம்ஸ் பியானோ வாசித்தபோது, அவ்விசை எடிசனின் மெழுகுருளையொன்றிற் பதிவு செய்யப்பட்டது. காலப்போக்கில் உருளை தேய்ந்தது. இசை இரைச்சலுள் அமிழ்ந்தது. நூறாண்டு கடந்தபின் யேல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கொய்ஃப்மனும் இசையமைப்பாளர் பேர்ஜரும் அவ்விரைச்சலை நீக்க முயன்றனர். 1994இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு சிற்றலைக் கணிதத்தின் வழிவந்த முறைகளைக் கையாண்டது. இப்புதிய கணிதத்தின் தேவை யாது?

எச்சார்பையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என ஜோசப் பூரியே 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் வாதிட்டார். சைகையும் இரைச்சலும் வெவ்வேறு மீடிறன்களில் அமையுமாயின் இம்முறையே போதும். இரைச்சலின் மீடிறன்களை விலக்கிவிடலாம். ஆயின் பியானோவின் சுத்தியல் தந்தியைத் தாக்கும் கணத்திலும் உயர் மீடிறன்கள் எழுகின்றன. அவற்றை விலக்கின் இரைச்சலோடு இசையின் கூர்மையும் மங்கும். சைன் அலைக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை; கணநேர நிகழ்ச்சியொன்றை உரைக்க அத்தகைய அலைகள் எண்ணற்றவை வேண்டும்.

1946இல் டெனிஸ் கபோர் சைகையைச் சிறு காலத் துண்டுகளாக நோக்கும் வழியை வகுத்தார். ஆனால் துண்டின் அகலம் மாறாதிருந்தது. எண்ணெய் தேடும் பணியில் நிலவதிர்வுப் பதிவுகளை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் மோர்லே, ஒரே சிற்றலையை நீட்டியும் சுருக்கியும் பயன்படுத்தினார். உயர் மீடிறனுக்குக் குறுகியது, தாழ் மீடிறனுக்கு அகன்றது. பௌதிகவியலாளர் குறொஸ்மனுடன் இணைந்து 1984இல் இதற்குக் கணித அடிப்படையும் வழங்கினார். ஒப்பமான சிற்றலைகளைக்கொண்டு செங்குத்து அடித்தளம் அமைத்தல் இயலாது என நிறுவ முனைந்த ஈவ் மேயர், 1985இல் அத்தகைய அடித்தளமொன்றையே கண்டடைந்தார். 1988இல் இன்கிறிட் டோபெஷி, கணிப்பொறிக்கு உகந்த முடிவுள்ள நீளமுடைய சிற்றலைகளை ஆக்கினார்.

இவற்றின் பயனை டொனோஹோவும் ஜோன்ஸ்ரனும் 1994இல் தெளிவுபடுத்தினர். சிற்றலைகளாக விரிக்கும்போது சைகை ஒருசில பெருங் குணகங்களில் திரள்கிறது. இரைச்சலோ எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகப் பரவுகிறது. சிறியவற்றைப் பூச்சியமாக்கி எஞ்சியவற்றை மீளக் கூட்டினால் இரைச்சல் பெரிதும் அகலும், கூர்மை நிலைக்கும்.

எனினும் உண்மையான நுண்விவரமும் சிறு குணகமாக அமையக்கூடும்; எல்லையை எங்கு வகுப்பதென்பது ஆய்வாளனின் பொறுப்பாகவே உளது. பூரியேயின் முறையும் பொய்த்துவிடவில்லை. சீராக நீடிக்கும் ஒலிக்கு அது இன்றும் தகும். சைகையை எம்மொழியில் எழுதுகிறோமோ அம்மொழியே, அதை இரைச்சலினின்றும் எவ்வளவு பிரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்வரலாறு புகட்டும் பாடம் இதுவேயாகும்.