மங்பூ மலையும் காலணாப் பொட்டலமும்

கல்கத்தாவில் வாழும் தமிழர் மலைவாசத்திற்குப் புறப்படுவதென்றால் டார்ஜிலிங்கையே நாடுவர். புலிக்குன்றில் கதிரவன் எழுவதைக் கண்டு, சின்ன ரயிலில் ஏறி மகிழ்ந்து, தேயிலைப் பொட்டலத்துடன் வீடு திரும்புவர். நாமும் பலமுறை அவ்வாறே சென்று வந்தோம். சென்ற பூஜை விடுமுறையின்போது ஜாதவ்பூரிலிருந்து குடும்பத்துடன் புறப்பட்ட நாம், கூட்டத்திற்கு அஞ்சி, அதே மாவட்டத்திலுள்ள மங்பூ என்னும் சிற்றூரைத் தேர்ந்துகொண்டோம். சியால்தாவில் இரவு வண்டி ஏறி, காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, தீஸ்தா நதியை ஒட்டிய சாலையில் சென்று, ரம்பியில் இடப்புறம் திரும்பி மலையேறினால் மங்பூ வந்துவிடும். உயரம் சுமார் 3,700 அடிதான். கடைத்தெருவும் சிறியது. பகல் வேளையிலும் ஓடை நீரின் ஓசை காதில் விழுகிறது.

இவ்வூரின் வரலாறு நம் உதகமண்டலத்தோடு பின்னிக் கிடக்கிறதென்பதை அங்கு சென்ற பின்னரே உணர்ந்தோம்.

முறைக்காய்ச்சலுக்குக் கண்கண்ட மருந்தாயிருந்த கொய்னா, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குரியது. 1860ஆம் ஆண்டில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து கன்றுகளையும் விதைகளையும் திரட்டும் பணியை நடத்தினார். அவை வந்து சேர்ந்த இடம் நீலகிரி. உதகைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் மக்ஐவர் அவற்றைப் பேணி வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. உயிர் காக்கும் மரம் சிறைப்பட்டோர் கைகளால் நடப்பட்டது.

அக்காலத்தில் கல்கத்தாவின் சிப்பூர் தாவரத் தோட்டத்திற்குத் தலைவராயிருந்தவர் தாமஸ் ஆண்டர்சன். அவர் 1861இல் ஜாவாத் தீவுக்குச் சென்று சின்கோனாக் கன்றுகளையும் விதைகளையும் பெற்றார். அவற்றுடன் உதகைக்கு வந்து, அங்கு வளர்ந்த கன்றுகளிலும் சிலவற்றைப் பெற்றுக் கல்கத்தா திரும்பினார். ஆக, வங்காளத்துச் சின்கோனாவின் முன்னோரில் ஒரு பகுதி நீலகிரியிலிருந்து வந்தவையே! நம்மைப்போல் அவையும் வடக்கே குடிபெயர்ந்தவை என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும்; ஆயினும் அந்த எண்ணம் எமக்கு ஒரு மகிழ்ச்சியைத் தந்தது.

குடிபெயர்ந்த கன்றுகளுக்கு முதலில் இடம் ஒவ்வவில்லை. டார்ஜிலிங்கையடுத்த சிஞ்சல் மலையில் 1862இல் அவை வைக்கப்பட்டன. அங்குக் குளிர் கடுமை. பின்னர் லெபாங்கிற்கு மாற்றினர். 1864 முதல் தாழ்வான, வெதுவெதுப்பான ரங்பீ பள்ளத்தாக்கில், அதாவது மங்பூப் பகுதியில், மரங்கள் செழித்தன. ஆண்டர்சனோ உடல்நலங்குன்றி 1868இல் தாயகம் திரும்பி, 1870இல் காலமானார்.

மரம் வளர்ந்தால் மட்டும் போதுமா? இறக்குமதியான கொய்னாவின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. 1870களில் மங்பூவில் பட்டையிலிருந்து மலிவான காய்ச்சல் மருந்து செய்யும் ஆலை எழுந்தது. 1892இல் ஜார்ஜ் கிங் என்னும் தாவர அறிஞரின் முயற்சியால் வங்காளத்துத் தபாலாபீசுகளில் கொய்னா காலணாப் பொட்டலமாக விற்கப்படலாயிற்று. மருத்துவர் எட்டிப் பாராத கிராமத்திலும் தபாற்காரர் உண்டல்லவா? இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். எனினும் கொசுவே காய்ச்சலைக் கடத்துகிறதென ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்திலும் 1898இல் கல்கத்தாவிலும் கண்டறிந்த பின்னரும், காலணாவும் கையில் இல்லாதோர் மடிந்துகொண்டுதான் இருந்தனர். 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானது. உலகின் கொய்னாவில் பெரும்பகுதியை அத்தீவே அளித்துவந்ததால் எங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. மறு ஆண்டில் வங்காளத்தைப் பஞ்சம் பற்றியது. பசிக்குத் தப்பியோரில் எண்ணற்றோரை மலேரியா கொண்டுபோயிற்று. மங்பூவும் நீலகிரியும் அளித்தது அத்தேவைக்குப் போதவில்லை.

இவ்வாலையில் இரசாயன அறிஞராகப் பணிபுரிந்தவர் மன்மோகன் சென். அவர் துணைவியார் எழுத்தாளர் மைத்ரேயி தேவி. அவர்களுடைய விருந்தினராக மகாகவி ரவீந்திரநாத் தாகூர் 1938க்கும் 1940க்கும் இடையில் இங்கு வந்து தங்கினார். 1938 மே 8ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, அருகிலுள்ள காலிம்பாங்கிலிருந்து தொலைபேசி வாயிலாக அவர் ஒரு கவிதை படிக்க, கல்கத்தா வானொலி அதனை ஒலிபரப்பியது. அதே மாதத்தில் மங்பூவுக்கு வந்தார். 1940 செப்டம்பரில் மீண்டும் வர எண்ணியிருந்தவர் காலிம்பாங்கில் கடும் நோயுற்றார். கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பின் மங்பூவைக் காணவேயில்லை. அவர் தங்கிய இல்லம் இன்று காட்சிச்சாலை. அவர் புழங்கிய தளவாடங்களைப் பார்த்து நின்றபோது, காவலர் எம்மிடம், "மதராசிலும் சின்கோனா உண்டோ?" என்று வினவினார். வால்பாறையருகே சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

செயற்கை மருந்துகள் பெருகிய பின் கொய்னாவின் மதிப்புத் தேய்ந்தது. நீலகிரியில் அத்தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைக்கு இடந்தந்தன. மங்பூவில் மேற்கு வங்க அரசு இன்றும் சின்கோனாவைப் பயிரிடுகிறது. இறங்கும் வழியில் உலர்ந்த பட்டைத் துண்டொன்றைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் எம் மகனிடம் கொடுத்தார். கசப்பு எத்தகையதென அறிய நாவில் வைத்தவன், ரம்பி வந்து சேரும்வரை தண்ணீர் கேட்டுக்கொண்டேயிருந்தான்.